மாரிப் புல்

கச்சான் ஓய்ந்து மூன்றாம் நாள்
தம்பலகாமத்திலிருந்து லொறியில் வந்து இறங்கியது புல்.
சதுரம் சதுரமாய், மண்ணோடு, வேரோடு,
ஒன்றில் பாதி வெளியே நெளிந்த மண்புழுவோடு.
முஸம்மில் எண்ணிச் சொன்னார்:
"இருநூற்றுப் பத்து. உடைசல் நாலு, அது சும்மா."

பதினொரு வருடம் துறைமுகக் குவாட்டர்ஸில்
சீமெந்து முற்றத்தில் உடுப்புத் தோய்த்தவள்
புது வீட்டுக்குக் கேட்ட ஒரே சாமான் இது.
தங்கம் கேட்டிருக்கலாமே என்றேன்.
"தங்கத்தில காலை நீட்டி இருக்கேலாது" என்றாள் தயாளினி.

வித்தியாலயம் வீதிக்குப் பின்னால் ஒழுங்கை.
மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் கேற் இல்லாத வாசல்.
கேற்றுக்குச் சேர்த்த காசில்தான் புல் வாங்கினோம்.

கூடவே ஒரு பசளைப் பை,
ஏதோ குளிர்நாட்டுக் கம்பனி.
அதன் முதுகில் பொடி எழுத்தில்:
இலையுதிர் காலத்தில் இலைகளைக் கூட்டி அகற்றவும்.
உறைபனியில் புல்மேல் நடக்க வேண்டாம்.
வசந்தம் வரை பொறுத்திருக்கவும்.

இலையுதிர் காலம் என்றால்
பக்கத்து வளவுக் கொட்டங்காய் மரம்தான் எங்களுக்கு.
அது யாரையும் கேட்காமல் சிவக்கும்,
பப்பட அளவு இலையாய் என் புல்லில் போடும்.
கூட்டினேன்.
இரவு வேலை முடித்து, முகத்தில் மாவு ஆலைத் தூசியோடு,
பல் தீட்டுமுன் கூட்டினேன்.

ஐப்பசியில் இடியோடு வந்த முதல் மழைக்கு
ஏழு சதுரங்கள் கிளம்பி வாசலுக்குப் போய்விட்டன,
வந்த லொறியைத் தேடுவது போல.
தூக்கி வந்து வைத்து, மூங்கில் சிராய் அடித்தேன்.

கார்த்திகை எட்டு நாள் விடாமல் ஊற்றியது.
ஒன்பதாம் நாள் புல் மஞ்சள்.
தண்ணீர் குடித்துத் தண்ணீரிலேயே மூச்சு முட்டியிருக்கிறது.
அலவாங்கால் கான் வெட்டினேன்.
சைக்கிள் கம்பியால் சாணுக்கொரு ஓட்டை குத்தினேன்,
குனிந்தபடி, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு.
பார்த்தவர்கள் எனக்கு ஏதோ நேர்ந்துவிட்டதென்று
அவளிடம் விசாரித்தார்கள்.
கோரையை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.
அது எந்த மழையிலும் நல்ல சுகம்.

சுற்றிலும் நைலோன் கயிறு கட்டினேன்.
மகள் சாகித்தியா மட்டையில் எழுதித் தந்தாள்:
'மிதிக்க வேண்டாம்.'
மழையில் மை கரைந்து
'மிதிக்க வே' என்று நின்றது.
அப்படியும் மீன்காரர் மதிலோரமாய்ச் சுற்றித்தான் வந்தார்,
தபால்காரரும்; நாங்களும்.
புல்லின் ஓரமாய்ச் சுற்றிச் சுற்றி
ஒரு வழுக்கல் பாதை விழுந்தது.

படிக்கத் தெரியாதவை மார்கழியில் வந்தன.
ஐந்து புள்ளிமான்கள், கோட்டைப் பக்கமிருந்து,
கயிற்றைக் காலால் கூடத் தட்டாமல் தாண்டி.
விடிய நான் வந்தபோது நடுவில் நின்றது ஒரு கொம்பன்,
வாயில் என் மூன்று மாதம்.
கத்தினேன். வாளியைத் தட்டினேன்.
அது ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு
விட்ட இடத்தில் தொடங்கியது.
போன பிறகு பார்த்தால்
மண்ணெங்கும் பிளந்த குளம்புத் தடம், கறுத்தக் கடலை போலப் புழுக்கை.
"வெட்டுக்கூலி மிச்சம், பசளையும் சும்மா"
என்று உள்ளே இருந்து சிரித்தாள்.
அன்று முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை.

தை பிறந்து பத்தாம் நாள் வாடை தணிந்தது.
விரலால் தடவித் தேடினேன்:
எந்தச் சதுரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.
மான் மேய்ந்த இடம்தான் ஆக அடர்த்தி,
இதை அவளிடம் சொல்லவில்லை.

பின்னேரம் அவள் கயிற்றை அவிழ்த்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
நடுவில் போய் இருந்து, காலை நீட்டி,
பெருவிரலை ஆட்டிப் பார்த்தாள்.
"வாங்கோவன்" என்றாள்.

போக நினைத்துத்தான் செருப்பைக் கையில் எடுத்தேன்.
கால்கள் வழக்கம்போல மதிலோரமாய்ச் சுற்றின.
அவளுக்கு ஆகக் கிட்டவாக இருந்த சீமெந்துக் கட்டில் நின்று
"என்ன, சொல்லு" என்றேன்.